வெண்பா கல்யாணத்துக்குச் சில விளையாட்டுகள்

விருத்தாசலம்
10.3.2024

அன்புள்ள அண்ணிக்கு வெண்பா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். ஓசூரில் பனி குறைந்ததா? உங்கள் தலைவலி விட்டதா?

எப்போது கூப்பிட்டாலும் உங்கள் அண்ணன்தான் போனை எடுக்கிறார். "அது போன தொடறதே இல்லம்மா, லெட்டர் போடு, படிக்கும்" என்றார். ஸ்கூல் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள் டீச்சர்.

அண்ணி, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணாடத்துக்காரர், பெயர் பாரி. வீட்டில் கரும்பு போடுகிறார்கள், அவருக்கு பெங்களூரில் வேலை. பழமலை அண்ணன் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் தள்ளிப் போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அப்பாவை உலுக்கிவிட்டார்கள். ஆவணி இருபது முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன்.

அந்த ரிசப்ஷனில்தான் பாரியின் அக்கா சிவசங்கரிக்கு கேம்ஸ் வேண்டுமாம். "வரவங்க மொய் எழுதுறாங்க, சாப்புடுறாங்க, பஸ்ஸ புடிக்கிறாங்க. சிரிக்கவே மாட்டேங்கறாங்க. அதுலயும் உங்க வூட்ல இப்பத்தான் துக்கம். சபை களையா இருக்கணும் வெண்பா" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே விசிலில் ஆட்டி வைக்கிறவர் நீங்கள். வந்து மைக்கைப் பிடித்து நடத்தித் தர வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

அம்மாவும் உங்களைக் கேட்டார்கள்.

அன்புடன்,
வெண்பா


ஓசூர்
24.3.2024

அன்பு வெண்பாவுக்கு, உன் அண்ணியின் ஆசிகள். நான் நலம். தலைவலி என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. மாமாவின் முட்டி வலி எப்படி? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

போன் விஷயம் உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. விபத்து நடந்த அன்றைக்கு வேப்பூர் ரோட்டில் நின்ற யாரோ ஒருவர், உன் அண்ணன் போனிலிருந்துதான் என்னைக் கூப்பிட்டார். திரையில் இவர் பெயர் வந்தது. நான் "என்னங்க, சென்னை போயாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன். அதற்குப் பிறகு மணி அடித்தாலே என் கை வேலை செய்வதில்லை. கடிதம் போதும் எனக்கு.

அவசரம் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்? உன் அண்ணன் இருந்திருந்தால் நிச்சயம் முடிந்த அன்றைக்கே பந்தல் போட்டிருப்பார். நீ சந்தோஷமாக இரு. எனக்காக முகத்தைத் தொங்கப் போட்டால் வந்து காதைத் திருகுவேன்.

சரி, விளையாட்டு. முதல் சட்டம்: வந்தவர்களை அவமானப்படுத்தக் கூடாது. பெரிய மனிதரை மேடையில் பலூன் உடைக்க விடுவது, சமைக்கத் தெரியுமா என்று பெண்ணைக் கேட்பது, இதெல்லாம் கூடாது. இரண்டாவது சட்டம்: பசி நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும்.

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கடைசி வரை தனித்தனிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை உடைக்க வேண்டும். மாமாவைச் சின்னச் சின்ன பீங்கான் ஜாடிகள் செய்யச் சொல். ஒன்றின் வாய் போல இன்னொன்று இருக்கக் கூடாது. ஜாடியை நம் பக்கத்தாருக்குக் கொடு, மூடியை அவர்கள் பக்கத்தாருக்குக் கொடு. பொருந்துகிற ஆளைத் தேடிக் கண்டுபிடித்துப் பேர், ஊர் கேட்டு வந்தால் ஜாடியில் கல்கண்டு. குழந்தைகளுக்கு மேளம். மேளம் அடிக்கும்போது ஆடலாம், நின்றால் சிலை.

கல்யாணமாகிப் பல வருஷமான ஜோடிகளுக்கு விரல் ஆட்டம். முதுகோடு முதுகாக இரண்டு பேரையும் உட்கார வை. எண்ணிக்கையில் பதில் வருகிற கேள்வி மட்டும் கேட்க வேண்டும். ஐயா எத்தனை தோசை சாப்பிடுவார், அம்மா இன்றைக்கு எத்தனை தடவை திட்டினார், இப்படி. இருவரும் விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒத்துப் போனால் கைதட்டல், போகாவிட்டால் சிரிப்பு.

மைக்கை நான் பிடிக்கிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்
பூங்கோதை


விருத்தாசலம்
21.4.2024

அன்புள்ள அண்ணிக்கு, வெண்பாவின் வணக்கங்கள். இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் ஆளை உரிக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள்.

ஜாடி யோசனையை அப்பாவிடம் சொன்னேன். அண்ணன் போனதிலிருந்து அப்பா செராமிக் பேட்டைக்குப் போவார், முதலாளி சொல்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டை வேலையைப் பார்ப்பார், வந்து படுத்துக்கொள்வார், உங்களுக்குத் தெரியும். இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மூடிய தனியா வேக வச்சா வேலைக்காவாது. சூளையில மண்ணு சுருங்கும். ஜாடி மேல மூடிய வச்சே உள்ள அனுப்பணும், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா சுருங்கும்" என்று ஒரே பேச்சு. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். வேட்டியெல்லாம் வெள்ளைப் பொடி. அம்மா துவைத்துக்கொண்டே திட்டுகிறார்கள், நிஜமாகத் திட்டவில்லை.

சிவசங்கரி நெய்வேலியிலிருந்து ஒரு தொகுப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறார். குருமூர்த்தி என்று பெயர். அதனால் விளையாட்டுகளை யார் வேண்டுமானாலும் நடத்துகிற மாதிரி விவரமாக எழுதி அனுப்புங்கள் அண்ணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்பா


ஓசூர்
29.4.2024

அன்பு வெண்பா, நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மாமா எழுந்து உட்கார்ந்தார் என்று படித்ததும் அந்த வரியை என் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன்.

யார் வேண்டுமானாலும் நடத்துகிற மாதிரி என்றால், நான் எங்கே இருப்பேன்? மேடையிலா, கீழேயா? குருமூர்த்தி பேசட்டும், நான் பக்கத்தில் நின்று ஜாடி எடுத்துக் கொடுக்கிறேன், அதுவும் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். மெல்லிய கரைதான். அத்தைக்கு அது உறுத்துமென்றால் சொல், சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது. அத்தையிடம் கேட்டு எழுது. நீயாக யோசித்து எழுதாதே.

பூங்கோதை


விருத்தாசலம்
9.6.2024

அன்புள்ள அண்ணிக்கு, அனைவரும் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள்.

முதல் சூளையில் பாதி ஜாடி கோணிவிட்டது. அப்பா மனசு உடைவார் என்று பயந்தேன், மறுநாளே மறுபடி பிசைய உட்கார்ந்துவிட்டார். ஜங்ஷன் ரோட்டில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பச்சமுத்து சமையல். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் ஒன்று கேட்டுக்கொண்டார்கள். மேடையில் அண்ணன் படம் வேண்டாம், அண்ணன் பேச்சும் வேண்டாம் என்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை அண்ணி, அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று பயம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். "எனக்கு ஒரே பொண்ணுன்னு இருந்துட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மேளக்காரர்களிடம் சிலை விளையாட்டைச் சொன்னேன், சிரிக்கிறார்கள்.

வெண்பா


ஓசூர்
16.6.2024

அன்பு வெண்பாவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

நான் கேட்டதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். போகட்டும்.

ஆவணி இருபது, இங்கிலீஷ் மாதத்தில் செப்டம்பர் ஐந்து. ஆசிரியர் தினம். பள்ளியில் விழா இருக்கிறது, விளையாட்டெல்லாம் என் பொறுப்பு. லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தையிடம் சொல்லிவிடு. விளையாட்டுகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். குருமூர்த்தி வாயாடியாக இருந்தால் பரவாயில்லை, சொந்தமாகக் கேள்வி சேர்க்காமல் பார்த்துக்கொள்.

பூங்கோதை


விருத்தாசலம்
21.7.2024

அன்புள்ள அண்ணி, நலமா என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதோடு பத்திரிகை வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் அதில் இல்லை. பெயர் இருந்தால் எங்கே அவர் என்று கேட்பார்களாம்.

லீவு கிடையாது என்று நீங்கள் எழுதியது பொய். உங்கள் அண்ணனிடம் கேட்டேன், மார்ச்சிலேயே லீவு கொடுத்துவிட்டார்களாம். ஆனால் அந்தப் பொய்யைப் படித்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் அப்படிப்பட்டவள்தான்.

அம்மாதான் வேண்டாம் என்றார்கள். நான் கேட்ட முதல் நாளே சொல்லிவிட்டார்கள். "மேடையில அவ வேணாம். மண்டபத்துக்கே வேணாம். தாலி அறுத்தவ மைக்கப் புடிச்சி சிரிச்சிப் பேசினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவ மேலதான் பழி வரும்" என்றார்கள். நான் சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். அப்புறம் சாப்பிட்டேன். அம்மா உங்களைக் கேட்டார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது நானாகச் சேர்த்தது.

என்னைத் திட்டி ஒரு கடிதமாவது போடுங்கள்.

வெண்பா


ஓசூர்
4.8.2024

வெண்பாவுக்கு ஆசிகள். நலம்.

திட்ட ஒன்றுமில்லை. முதல் பந்திக்கு முன்னால் நீ கொஞ்சம் சாப்பிட்டுவிடு, மேடையில் நின்றால் மயக்கம் வரும் உனக்கு. நல்லபடி நடக்கட்டும்.

பூங்கோதை


பெண்ணாடம்
13.9.2024

அன்புள்ள அண்ணிக்கு, பெண்ணாடத்திலிருந்து வெண்பா. நானும் அவரும் நலம். இங்கே மாமனார், மாமியார், சிவசங்கரி எல்லோரும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கல்யாணம் முடிந்தது. ரிசப்ஷனில் நடந்ததை மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்.

ஜாடி விளையாட்டு ஜோராக நடந்தது. பட்டுச் சட்டை போட்ட பெண்ணாடத்துப் பெரியவர்கள் கையில் குட்டி மூடியை வைத்துக்கொண்டு, "ஏங்க, உங்க ஜாடிய கொஞ்சம் காட்டுங்க" என்று நம் பக்கத்து நாற்காலிகளுக்கு நடுவில் சுற்றினார்கள். மங்கலம்பேட்டை கடைக்காரர் பாய்க்கும் பாரியின் பெரியப்பாவுக்கும் ஜாடி பொருந்தி, பேசிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வருஷம் துபாயில் இருந்தவர்கள். அப்பா ஓரமாக நின்று எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார் அண்ணி. மேளம் நின்றபோது ஒரு குழந்தை ஒற்றைக் காலில் நின்று தூங்கியே போயிற்று.

அப்புறம் விரல் ஆட்டம். பாரியின் சித்தப்பா ஜோடி, அப்பாவின் முதலாளி ஜோடி எல்லாம் ஆடினார்கள். "பொண்ணோட அப்பா அம்மா வரணும்" என்று கூட்டத்தில் கத்தினார்கள். அப்பா மாட்டேன் என்றார். சிவசங்கரியே போய்க் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்துவிட்டார். முதுகோடு முதுகாக உட்கார வைத்தார்கள். எத்தனை தோசை என்று கேட்டதற்கு இரண்டு பேரும் நான்கு. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்றதற்கு இரண்டு பேரும் ஐந்து. கைதட்டல் அடங்கவில்லை. குருமூர்த்திக்கு வேகம் வந்துவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை அவர் பார்க்கவே இல்லை. "கடைசி கேள்வி, ஈஸியான கேள்வி. உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?" என்றார்.

அப்பா ஒரு விரலைத் தூக்கினார். அம்மா மூன்று விரலைத் தூக்கினார்கள்.

மண்டபமே சிரித்தது. பதில் ஒத்துப் போகாவிட்டால் சிரிப்பதுதானே ஆட்டம். குருமூர்த்தி விடவில்லை. "ஐயா ஒண்ணுங்கறாரு, அம்மா மூணுங்கறாங்க! ஏம்மா, ஐயாவுக்குத் தெரியாம ரெண்டு எங்க வளருது?" என்றார். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணி. விரலைப் பார்த்தேன், சபை சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அம்மா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள். பறிக்கவில்லை, வாங்கினார்கள். "ஒருத்தன் செத்துட்டான். ஒருத்தி இதோ பொண்ணா நிக்கிறா. இன்னொருத்தி ஓசூர்ல இருக்குது. வராதன்னு நான்தான் சொன்னேன்" என்றார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அப்பா விரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கையை இறக்கி விட்டேன்.

குருமூர்த்தி பாட்டைப் போட்டார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். சிவசங்கரி முகூர்த்தம் முடியும் வரை அம்மாவோடு பேசவில்லை. பாரி மட்டும் என்னிடம், "எங்கிட்ட ஏன் அண்ணிய பத்தி சொல்லவே இல்ல?" என்று கேட்டார். 

வெண்பா


விருத்தாசலம்
22.9.2024

பூங்கோதைக்கு உன் அத்தை ராஜாம்பாள் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் இருக்கிறோம். உன் உடம்பு தேவலையா? உன் அண்ணன், அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

எட்டாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

ஊர் பேசும் என்று சொன்னேன். அது சொல்வதற்குச் சுலபம், எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். நிஜம் அது இல்லை. நீ வாசலில் வந்து நின்றால் உன் பின்னாலேயே அவன் வண்டியை நிறுத்திவிட்டு வருவான். அது என் கண்ணுக்குப் பழக்கம். அன்றைக்கு மண்டபத்தில் நீ தனியாக வந்து நின்றிருந்தால் நான் விழுந்திருப்பேன், வெண்பா கல்யாணம் நின்றிருக்கும். அதனால் உன்னைத் தடுத்தேன். மேடையில் அந்த ஆள் கேட்டபோது யோசிக்கவில்லை, கை தானாக மூன்று விரலைத் தூக்கிவிட்டது. உன் மாமா அன்றையிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒன்று என்று காட்டியது அவர்தான், கோபம் என் மேல்.

ஐப்பசியில் அவனுக்குத் தெவசம் வருகிறது. நீ இல்லாமல் நடக்காது. அவசியம் வந்துவிடு. அது முடிந்து சில நாளில் தீபாவளி. வெண்பாவுக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளையும் அவளும் வருகிறார்கள். சிவசங்கரியும் வருகிறாள், நாங்களாகப் போய்ச் சமாதானம் செய்தோம். வீடெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

தெவசத்துக்கு முதல் நாளே வா. சேலம் பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

ராஜாம்பாள்


ஓசூர்
6.10.2024

அன்புள்ள அத்தைக்கு, பூங்கோதையின் நமஸ்காரம். உங்கள் கடிதம் கிடைத்தது. கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் புரிந்தது. நான் நலம். இங்கே எல்லோரும் நலம்.

வெண்பா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, வயிற்றெரிச்சலில் அழுதேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் அந்த வீட்டில் நான் யார் என்று தெரியாமல் இருந்தேன். ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டீர்கள். நான் மட்டும் அங்கே இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தெவசத்துக்கு அவசியம் வா என்று எழுதியிருக்கிறீர்கள். தலைதீபாவளிக்கு யார் யார் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வா என்று எனக்கு எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதுதான் அத்தை எனக்கு அதிகமாக வலிக்கிறது.

தெவசத்துக்கு நான் வரவில்லை. அன்றைக்கு இங்கேயே இலை போட்டு அவருக்குப் படைத்துக்கொள்கிறேன். அவருக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்பு வைக்கத் தெரியும். அங்கே வந்து உங்களோடு உட்கார்ந்து அழ எனக்கும் ஆசைதான், அந்த ஆசையை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். அழுவதற்கு மட்டும் வந்து போகிற ஆளாக என்னை ஆக்கிவிடாதீர்கள். வீட்டில் ஒரு நல்ல நாள் வரும்போது, நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, இவளையும் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அதுவரைக்கும் அந்த மூன்று விரலில் ஒன்றை மடக்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவோடு நீங்களே பேசுங்கள், அவர் முதலில் பேச மாட்டார். வெள்ளையடிக்க அவரை ஏணியில் ஏற விடாதீர்கள், முட்டி தாங்காது.

இப்படிக்கு,
பூங்கோதை